போர்க் குறும்படம் எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைப் பக்கம் இப்போது கமரா வைத்திருக்கிற பொடியன்களும் பிள்ளைகளும் நிறையப் பேர், அவர்களில் பலருக்கு முதல் படமே போர்ப் படமாக இருக்க வேண்டும் என்று ஆசை. எடுக்கட்டும், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படங்களில் வருகிற போர் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் ஹொலிவூட்டிலிருந்தும் இறங்கிய போர். சம்பூரிலும் மூதூரிலும் நடந்ததை அதில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அம்மம்மாவோடு ஒரு பின்னேரம் இருந்து கதை கேட்டிருந்தால் வந்திருக்காத பிழைகள் இவை, அதனால்தான் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

முதலில் ஷெல். படத்தில் ஷெல் விழுந்தால் செம்மஞ்சள் நிறத்தில் பெரிய தீப்பிழம்பு எழும்பும், அதே கணத்தில் சத்தமும் கேட்கும். அந்தத் தீ சினிமாக்காரர் பெற்றோல் எரித்து எடுப்பது. உண்மையான ஷெல் வெடித்தால் ஒரு பளிச், அப்புறம் மண்ணும் புகையும்தான், ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் சிதறுகிற இரும்புத் துண்டுகள். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும், ஆகவே ஒரு கிலோமீற்றர் தள்ளி விழுந்தால் வெளிச்சம் தெரிந்து மூன்று நொடிக்குப் பிறகுதான் காதுக்கு வரும். ஷெல்லடிக்குள் இருந்த சனத்துக்கு இந்தக் கணக்கை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. முதலில் எங்கேயோ தூரத்தில் ஷெல்லை ஏவுகிற 'குத்து'ச் சத்தம் கேட்கும், எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், பிறகு கூவிக்கொண்டு வரும், அதற்குப் பிறகுதான் விழும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் தாய் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பாள், ஒன்று கிணற்றடியில் நிற்கும். இதை எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிட்டு வெடிக்கிற காட்சியை மூன்று கோணத்தில் காட்டி என்ன பயன்?

ஈராக் போரைப் பற்றிய 'த ஹர்ட் லொக்கர்' என்ற ஹொலிவூட் படத்தின் தொடக்கத்தில் குண்டு வெடிக்கும்போது தரையில் கிடக்கிற சரளைக்கற்கள் எழும்புவதையும், நிற்கிற கார் ஒன்றிலிருந்து துரு உதிர்வதையும் மிக மெதுவாகக் காட்டுவார்கள். வெடியின் அதிர்வைக் கண்ணால் பார்க்க வைக்கிற வழி அது. நம்மிடம் அந்தக் காசு இல்லை, சரி, ஆனால் தகரக் கூரையிலிருந்து தூசி கொட்ட வைக்கலாம், குப்பி விளக்கை அணைய வைக்கலாம், குடத்துத் தண்ணீரை நடுங்க வைக்கலாம். வெடி கமராவுக்குள் வரவே தேவையில்லை.

துப்பாக்கி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், இங்கே போரில் இருந்த ரி-56 துப்பாக்கியின் மகசினில் 30 ரவைகள், விடாமல் அமத்தினால் மூன்று நொடியில் தீர்ந்துவிடும். ஒரு நிமிடமாகச் சுட்டுக்கொண்டே நடந்து வருகிற ஆள் இந்த ஊரில் எங்கேயும் இருந்ததில்லை.

அடுத்தது காலமும் இடமும். கதை நடப்பது 2006இல், ஆனால் பின்னால் கிண்ணியாப் பாலம் நீட்டாகத் தெரிகிறது. அந்தப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முதல் எல்லோரும் 'பாதை' என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில்தான் கடந்தார்கள், பாதை வரும்வரை சைக்கிளோடும் மூட்டையோடும் கரையில் நின்றார்கள், நல்ல கதை ஒன்று அந்தக் காத்திருப்பிலேயே கிடக்கிறது. ஆண்டுகளையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்: 2006 யூலையில் வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற மாவிலாறு மதகைப் புலிகள் மூடுகிறார்கள், ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை, செப்டம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போகிறது. சம்பூர்ச் சனத்தில் பலர் இடம்பெயர்ந்து அலைந்து, கிளிவெட்டி போன்ற முகாம்களில் தறப்பாளுக்குக் கீழே இருந்து, ஊருக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல். முகாமில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதாகிவிட்டது. இதைப் படத்தில் சில மாதங்களாகச் சுருக்கி, கடைசிக் காட்சியில் குடும்பம் வீட்டுக்கு வந்து விளக்கேற்றுவதாக முடித்தால், அந்த ஒன்பது வருடமும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகப் படுவது ஆட்களைத் தவறவிடுவது. மூதூர்க் கதை என்று எடுக்கிறார்கள், அதில் ஒரு முஸ்லிம் இல்லை. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு ஓடியது எங்கே போனது? அதே மாதம் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டு நிறுவன ஊழியர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நடந்ததே அப்படி இருக்கும்போது படம் மட்டும் ஏன் ஒரு பக்கத்து ஆட்களால் நிறைய வேண்டும்? இன்னும் மோசம், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு பயங்கரவாதி என்றால் தாடியும் தொப்பியும் என்று எழுதுகிற பழக்கம். அந்தத் தாடியோடும் தொப்பியோடும் பக்கத்துக் கடையில் இருப்பவரிடம்தான் நாம் சாமான் வாங்குகிறோம், அவருடைய பிள்ளையும் இந்தப் படத்தைப் பார்க்கப் போகிறது.

குண்டு வைக்கிறவரையும் மனிதராகக் காட்டலாம், அதற்காகச் செத்தவர்களை மறக்கத் தேவையில்லை. அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி ஜில்லோ பொன்டெகோர்வோ எடுத்த 'த பற்றில் ஒஃப் அல்ஜியர்ஸ்' (1966) இதைச் செய்து காட்டியிருக்கிறது. தேநீர்க் கடையில் குண்டுப் பையோடு இருக்கிற பெண் சுற்றிப் பார்க்கிறாள், கமரா அங்கே இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது, ஐஸ்கிரீம் சாப்பிடுகிற குழந்தை உட்பட. சிவப்பு எண்கள் ஓடுகிற மணிக்கூட்டைக் காட்டுவதைவிட இது எத்தனையோ மடங்கு நெஞ்சைப் பிடிக்கும். செய்திப் படம் போலவே தெரிகிற அந்தப் படத்தில் உண்மையான செய்திப் படத் துண்டு ஒன்றுகூட இல்லை.

அதைச் சொன்னது காரணத்தோடுதான். நம் பிள்ளைகள் யூரியூப்பிலிருந்து உண்மையான சடலங்களின் வீடியோவை இறக்கி நடுவில் ஒட்டுகிறார்கள். அந்த உடம்பு யாருடையதோ, அவருடைய தாயோ தங்கையோ இன்றைக்கும் எங்கேயோ இருக்கிறார், அவரை யாரும் கேட்கவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

'உண்மைச் சம்பவம்' என்று முதலில் எழுத்துப் போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். பின் லேடனைத் தேடிய கதையான 'ஸீரோ டார்க் தேர்ட்டி' (2012), நேரில் இருந்தவர்களின் வாக்குமூலங்களை வைத்து எடுத்தது என்ற அறிவிப்போடு தொடங்கியது. சித்திரவதையால்தான் துப்புக் கிடைத்தது என்ற எண்ணத்தை அது கொடுப்பதாக அமெரிக்க செனற்றர்கள் மூவர் எழுத்திலேயே எதிர்த்தார்கள், ஒருவர் வியட்நாமில் கைதியாகச் சித்திரவதை அனுபவித்த ஜோன் மக்கெய்ன். மூன்று பேரிடம் கேட்ட கதைகளை ஒன்றாக்கினால், அப்படியே எழுதிப் போடுங்கள்.

இனி படப்பிடிப்பு. இராணுவ உருமறைப்பு உடையைச் சாதாரண ஆள் போடுவது இந்த நாட்டில் குற்றம், ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும், அதிலும் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் இருக்கிற ஊர் இது. இராணுவ உடுப்பே இல்லாமல் எடுக்கலாம்: முகத்தில் அடிக்கிற ரோர்ச் வெளிச்சம், இரண்டு சப்பாத்து, 'ஐசி' என்று அடையாள அட்டையைக் கேட்கிற ஒரு குரல். இங்கே வளர்ந்தவர்களுக்கு அது போதும்.

பட்டாசு மட்டும் கொளுத்தாதீர்கள். ஒரு படப்பிடிப்பில் அயலுக்குச் சொல்லாமல் கொளுத்தினார்கள், பக்கத்து வீட்டு அம்மா பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார், கூப்பிட்டும் வரவில்லை. கமராக்காரத் தம்பி அதையும் எடுத்தான். சத்தத்தைப் பிறகு கணினியில் போடலாம், வேறு என்ன செய்வதாக இருந்தாலும் முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். படம் முடிந்ததும் விழாவுக்கு அனுப்ப முதல், கதை சொன்னவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற காட்சியை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல ஷொட்டாக இருந்தாலும்.