கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காரில்: முதல்முறை ஓட்டுவோருக்கு

புத்தளம் வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நின்று போகும் நேரத்தோடு ஒன்பது மணித்தியாலம் வையுங்கள். மலையேற்றம் இல்லை; ஆனால் புத்தளத்துக்கு அப்பால் யானை நடமாடும் காடு. அதைப் பகலில் கடக்கும்படி விடிய 5 மணிக்குப் புறப்படுங்கள்.

1. முதல்நாள்

ரயர் காற்றை வண்டி ஓடுமுன் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் சாரதி கதவோரம் ஒட்டியிருக்கும். ஓடிச் சூடான ரயர் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைத் திறந்துவிட்டால் ஆறியதும் குறைந்துவிடும். காற்றுக் குறைந்த ரயர் நீண்ட ஓட்டத்தில் சூடேறி வெடிக்கலாம். மேலதிக ரயரையும் பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

2. புத்தளம் வரை

கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினால் வத்தளை, ஜா-எல நெரிசல் தப்பும். பிறகு நீர்கொழும்பு, சிலாபம், இருபுறமும் தென்னந்தோப்பு. எதிரே வரும் பஸ் லைற் அடித்தால் ‘நீ போ’ என்று அர்த்தமில்லை, ‘நான் வருகிறேன்’ என்று அர்த்தம். புதியவர்கள் பிழைவிடுவது இங்கேதான். ஒதுங்கி வழிவிடுங்கள்.

3. புத்தளம் – அநுராதபுரம்

புத்தளத்தில் வலப்பக்கம் ஏ12 வீதியில் திரும்புங்கள். இது ஈரம் குறைந்த வறண்ட வலயம். இடப்பக்கம் வில்பத்துக் காடு. யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், இஞ்சினை அணைக்க வேண்டாம், தின்னக் கொடுக்கவே வேண்டாம். தீனி கிடைத்துப் பழகிய யானை அடுத்த வண்டியை மறிக்கும்.

4. ஏ9

அநுராதபுரத்திலிருந்து ரம்பேவ போய் ஏ9 இல் ஏறுங்கள். மதவாச்சியில் இடப்பக்கம் மன்னார், நேரே வவுனியா.

வவுனியா தாண்டினால் வீதி நேராக நீளும். நேர்வீதியில் கால் தன்பாட்டில் அழுத்தும், கண்ணும் சொருகும். காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70 தான் எல்லை. மாங்குளம் போன்ற சந்திகள் திடீரென்று வரும். மாடுகளும் குறுக்கே வரும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பலரும் நிறுத்தித் தேங்காய் உடைப்பார்கள். நீங்களும் இறங்கி முகம் கழுவுங்கள், தூக்கம் கலையும்.

5. ஆனையிறவு

இருபுறமும் கடல்நீரேரி, மறிக்க மரமில்லை. பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதியோரம் இளகியிருக்கும், சில்லை இறக்காதீர்கள். சாவகச்சேரி கடந்தால் சைக்கிள்கள் கூடும். யாழ் நகர்வரை அவசரம் வேண்டாம்.