மருத்துவமனைக்கு வெளியே இதயநிறுத்தம்: சிகிச்சையும் பதிவும்

அழைத்தும் தட்டியும் அசையாதவர் இயல்பாகச் சுவாசிக்கவில்லை என்றால், இடையிடையே வரும் திணறலைச் சுவாசமாகக் கருதாமல் உடனே மார்பு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு அழுத்தி, ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். அழுத்துபவர் தமக்குக் களைப்பில்லை என்றே சொல்வார். ஆயினும் அவர் உணரும் முன்பே ஆழம் குறைந்துவிடுவதால், 2 நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுவது கட்டாயம். இடைவெளி எதுவும் 10 விநாடியைத் தாண்டக் கூடாது.

பதிவும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது என் உறுதியான கருத்து. 1991-இல் வெளியான உட்ஸ்டைன் நெறிமுறை, வெவ்வேறு நாடுகளின் தரவுகளை ஒப்பிடுவதற்கான பொது வரையறைகளைத் தந்தது. அதன்படி, நிகழ்வை யாரேனும் நேரில் கண்டார்களா, அருகிலிருந்தவர் அழுத்தம் கொடுத்தாரா, முதலில் தெரிந்த இதயத்துடிப்பு லயம் எது என்பவற்றைப் பதிவுப் படிவத்தில் குறிக்க வேண்டும். பணி தொடங்கும்போதே, இதயத்திற்கு மின் அதிர்ச்சி தரும் கருவியான டிஃபிப்ரிலேட்டரின் கடிகாரத்தை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் நேரத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்துங்கள். இரண்டும் சில நிமிடம் விலகியிருந்தால், முதல் மின் அதிர்ச்சிக்கு எவ்வளவு நேரமானது என்ற கணக்கே பயனற்றதாகிவிடும். நோயாளி வீடு திரும்பினாரா, அப்போது அவரது நரம்பியல் நிலை எப்படியிருந்தது என்பதை மருத்துவமனையிடம் பின்னர் கேட்டு அதே படிவத்தில் சேர்க்க வேண்டும்.