நேர்மையான வக்கீல் சறுக்கும் கதையை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வைத்து எழுதுவது எப்படி

நீதிமன்றப் படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் காட்சியைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். கூண்டில் ஒருவன், எதிரே கறுப்புக் கோட்டில் ஒருவர் நீளமாகப் பேசுகிறார், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஊர்சனம் கண்ணைத் துடைக்கிறது. அநியாயத்தை எதிர்க்கும் வக்கீலுக்கு அது சரி. கொள்கையோடு தொழிலுக்கு வந்து, எங்கோ ஒரு இடத்தில் வளைந்துபோகும் வக்கீலின் கதைக்கு அது உதவாது. அவர் வளைவது அவருடைய ஆபீசில், சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒரு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது. அதனால் வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால், எந்தக் காகிதத்தில் அவர் சறுக்கினார் என்பதை முடிவு செய்யுங்கள்.

பெட்டி நிறையப் பணத்தோடு ஒருவர் வந்து வக்கீலை விலைக்கு வாங்கும் காட்சி உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். பார்க்கிறவர் "நான்னா வாங்கியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். முதல் சறுக்கல், அவரும் உள்ளுக்குள் "இதைத்தானே நானும் செய்திருப்பேன்" என்று ஒத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். இந்த வகைப் படத்தின் உயிர் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வழக்கு. நம்ம மாவட்டத்தில் வழக்குக்குப் பஞ்சமில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த மண் என்பதால் நிலத்தகராறுகளில் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரங்கள் வரும். 2017இல் ஓகி புயலில் போனவர்களைப் போல, கடலுக்குப் போய் உடலும் கிடைக்காமல் காணாமல் போன மீனவரின் குடும்பம் இருக்கிறது. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற பொது விதியை அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்பதே தனிப் படம். ஆனால் முதன்முதலாக எழுதுகிறவருக்கு நான் சொல்வது சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு. அதில் எல்லாமே எண்ணில் இருக்கிறது. ஒரு எண்ணை மாற்றினால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை மாறும். அப்படிப்பட்ட இடத்தில்தான் நல்ல மனிதர் தடுமாறுவார்.

ஒரு கதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம். அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், வேலை பார்க்கும் ஒரு பெண், கணவர் ஏற்கெனவே இல்லை. அழகியமண்டபம் பக்கம் சாலையோரமாக வீட்டுக்கு நடந்து வரும்போது கல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் லாரி மோதி இறந்துவிடுகிறாள். பதினான்கு வயதில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன், வயதான தாய். அந்தப் பாட்டி பேரப்பிள்ளைகளோடு நம்ம வக்கீலிடம் வருகிறாள். பத்மநாபபுரம் கோர்ட்டில் மனு போட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் கவரில் வீட்டில் இருந்த எல்லாக் காகிதத்தையும் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறாள்.

அந்தக் கவருக்குள் இறந்துபோன பெண்ணின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. அதன்படி இறந்தபோது அவளுக்கு 42 வயது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எழுதிய பிரேதப் பரிசோதனை அறிக்கையிலோ 39 என்று இருக்கிறது. அழுதுகொண்டிருந்த அவளுடைய தம்பி ஏதோ ஒரு வயதைச் சொல்ல, போலீஸ் அதை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள், இதைத் திரைக்கதையில் கட்டாயம் காட்டுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பும் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பும் சேர்ந்து ஒரு வாய்ப்பாட்டைக் கொடுத்திருக்கின்றன. மாத வருமானம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வயது 42 என்றால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்ட வேண்டும், 15,000 ஆகும். அவளை நம்பியிருப்பவர்கள் மூன்று பேர் என்பதால் அவளுடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 10,000. வருடத்துக்கு 1,20,000. 41 முதல் 45 வரையான வயதுக்குப் பெருக்கும் எண் 14. ஆக 16,80,000. அதே பெண்ணுக்கு வயது 39 என்றால் 40 சதவீதம் கூட்டலாம், பெருக்கும் எண்ணும் 15 ஆகிவிடும். கூட்டிக் கழித்துப் பெருக்கினால் 20,16,000. இறுதிச்சடங்குச் செலவு மாதிரியான சின்னத் தலைப்புகள் தனி. வித்தியாசம் 3,36,000 ரூபாய். அண்டி ஆபீஸ் கூலியில் அது இரண்டு வருடத்துக்கும் மேலான சம்பளம்.

வக்கீல் எதையும் திருத்தவில்லை, கள்ளக் கையெழுத்துப் போடவில்லை. பள்ளிச் சான்றிதழை மட்டும் கவருக்குள் திருப்பி வைக்கிறார், பிரேதப் பரிசோதனை அறிக்கையை மட்டும் தாக்கல் செய்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து அநாதைப் பிள்ளைகளுக்கு மூணே கால் லட்சம் கூடுதலாக வாங்கிக் கொடுப்பது பாவமா? இந்தக் கேள்விக்கு வசனத்தில் பதில் எழுதாதீர்கள். கால்குலேட்டரில் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று மட்டும் காட்டுங்கள்.

ஆனால் காகிதத்தோடு நிறுத்த முடியாது. பாட்டி சாட்சி சொல்ல வேண்டும். மகளைப் பெற்றவள், எந்த வருடம் பெற்றாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லப்போகும் சாட்சியத்தை எழுதி வைத்த நிரூபண வாக்குமூலத்தை வக்கீல் படித்துக் காட்டும் காட்சிதான் படத்தின் நடு. இப்படி எழுதலாம்:

"எனக்க மொவளுக்க வயசு எனக்குத் தெரியாதா சாரே?"

"தெரியும்மா. ஆஸ்பத்திரி பேப்பர்ல உள்ளத மட்டும் சொன்னா போதும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொல்லுதபடியே சொல்லுதேன் மக்களே" என்கிறாள்.

சாரே என்று கூப்பிட்டவள், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மக்களே என்று மாறும் அந்த இடத்தில் பின்னணி இசை வேண்டாம். நம்ம ஊர்க்காரர்களுக்கு அது போதும், மதுரையில் பார்க்கிறவருக்கும் புரியும். வட்டாரப் பேச்சைப் பற்றி ஒன்று: எல்லோர் வாயிலும் எனக்க, உனக்க என்று திணிக்காதீர்கள். வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு மாதிரியும் நீதிபதியிடம் வேறு மாதிரியும் பேசுவார், குமாஸ்தாவிடம்தான் முழு ஊர்ப்பேச்சு வரும். விளவங்கோடு பக்கத்துக்காரரும் தோவாளைப் பக்கத்துக்காரரும் ஒரே மாதிரி பேசுவதில்லை, அதையும் கவனியுங்கள்.

இரண்டாவது சறுக்கலுக்கு அவசரப்பட வேண்டாம். முதல் சறுக்கலுக்கு அவருக்குப் பாராட்டுதான் கிடைக்க வேண்டும். ஊரில் பேர் ஏறுகிறது, வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இத்தனை வருடம் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடியவர், குமாஸ்தாவுக்குச் சம்பள பாக்கி, ஆபீஸ் வாடகை பாக்கி. தீர்ப்பு வந்ததும் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டால் என்ன, அடுத்து வரும் ஏழைக்குத்தானே அது பயன்படும் என்று தோன்றுகிறது. வழக்கின் முடிவைப் பொறுத்தோ கிடைக்கும் தொகையில் பங்காகவோ கட்டணம் பேசக்கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதி தெளிவாகச் சொல்கிறது. கட்சிக்காரர் மனதாரச் சம்மதித்தாலும் அது தொழில் ஒழுங்கீனம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. அவருக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் செய்கிறவரின் கதையை யாரும் இரண்டு மணி நேரம் பார்க்க மாட்டார்கள்.

இங்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. வயது வராத பிள்ளைகளின் பங்கை, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் வங்கியில் டெபாசிட்டாகப் போடச் சொல்லும், மேஜராகும்வரை தொட முடியாது. வட்டியை விட்டுவிட்டு 20,16,000-ஐ மூன்று சமபங்காக வைத்தால் பாட்டிக்கு வருவது 6,72,000. மொத்தத்தில் பத்து சதவீதம் 2,01,600. கையில் எடுக்கக்கூடிய பணம் பாட்டியுடையது மட்டும்தான் என்பதால், பத்து சதவீதம் என்று பேசியது அவள் பங்கில் முப்பது சதவீதமாக இறங்குகிறது. இதைக் குமாஸ்தா ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டட்டும்.

கோர்ட் காட்சிகளில் சினிமாப் பழக்கத்தை விடுங்கள். நம்ம நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. மாவட்டக் கோர்ட்டில் மை லார்ட் என்று கத்துவதும் தேவையில்லை, கீழமை நீதிமன்றங்களில் சார் என்றோ அதற்கு இணையான சொல்லாலோ அழைக்கலாம் என்று பார் கவுன்சில் 2006இலேயே வழிசொல்லிவிட்டது. பாதி நேரம் வாய்தாதான். பெயர் கூப்பிடுவதற்காகப் பாட்டி காலையிலிருந்து பெஞ்சில் காத்திருக்கிறாள், கூப்பிட்டதும் ஒரு நிமிடத்தில் அடுத்த தேதி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதை ஒரு தடவை முழுசாகக் காட்டினால் போதும், மூன்று வருடம் ஓடியதைப் பார்ப்பவர் நம்பிவிடுவார். கோர்ட் நடவடிக்கை பொதுவாக எல்லோருக்கும் திறந்ததுதான், நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். போனை எடுத்துப் படம் பிடிக்க மட்டும் கூடாது.

விஷயம் எப்படி வெளியே வருவது? இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர் என்றால் குறுக்கு விசாரணையிலேயே பள்ளிச் சான்றிதழைக் கேட்டுவிடுவார். வயதுக்கு ஆதாரை நம்ப வேண்டாம், பள்ளிச் சான்றிதழ்தான் மேல் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு, அதைக் கேட்காமல் விட்டதற்கு நீங்கள் ஒரு காரணம் எழுத வேண்டும். அன்றைக்கு அவர் முப்பது ஃபைலோடு வந்திருந்தார், அவ்வளவு போதும். குமாஸ்தா காட்டிக் கொடுப்பது எளிதாகத் தோன்றும், ஆனால் கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு குமாஸ்தாவுக்கும் உண்டு. சட்டவிரோதமான காரியத்துக்காகச் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்தக் கட்டத்தில் குமாஸ்தாவை ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்க வைக்கலாம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. மகள் பிளஸ் டூ முடித்து முதல் பட்டதாரி சான்றுக்கு விண்ணப்பிக்கிறாள். குடும்பத்தில் உள்ளவர்களின் படிப்புச் சான்றுகளைக் கேட்கிறார்கள். அம்மாவின் பள்ளிச் சான்றிதழ் எங்கே? பாட்டிக்கு நன்றாக நினைவிருக்கிறது, முதல் நாளே கவரில் போட்டு வக்கீலிடம் கொடுத்தது. பிள்ளை வந்து ஆபீஸ் வாசலில் நின்று, "அம்மைக்க சர்ட்டிபிகேட் ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே சார்" என்கிறாள். கொடுத்தால் வயதை அவள் படித்துவிடுவாள். கொடுக்காவிட்டால் அவளுடைய கல்லூரிக் கட்டணச் சலுகை போகும். யாருக்காக அதை மறைத்தாரோ அந்தப் பிள்ளையே வந்து கேட்கிறாள், யாரும் மிரட்டவில்லை, போலீஸ் வரவில்லை. அதற்கு மேல் உச்சக்கட்டம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

அதன் பிறகு என்ன ஆகும் என்பதில் சட்டத்தை மீறாதீர்கள். வக்கீல்மீது புகார் போவது மாநில பார் கவுன்சிலுக்கு, ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 35-இன்படி கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை போடலாம், பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். பாட்டி கூண்டில் ஏறிச் சொன்னது பொய்ச்சாட்சி, அவளுக்கும் ஆபத்து உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். நல்லது செய்கிறேன் என்று அவர் இழுத்துவிட்டது அவளையும் சேர்த்துத்தான். இதை வக்கீல் யாரிடமாவது உரக்கச் சொல்லியாக வேண்டும், படத்தில் ஒரே ஒரு தடவை.

எழுதி முடித்த பிறகு தேதிகளை ஒரு தாளில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். விபத்து 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்தது என்றால் எஃப்.ஐ.ஆரில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ வரும், அதற்குப் பின்னால் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டதாக வைத்துக்கொண்டால் கால வரம்புச் சிக்கல் வராது. மகளுக்கு விபத்தின்போது பதினான்கு என்றால் பிளஸ் டூ முடிக்கும்போது பதினேழு, அதற்குள் தீர்ப்பு வந்து பணமும் வந்திருக்க வேண்டும். பெண்ணின் பிறந்த வருடம் மாற்றுச் சான்றிதழிலும் பாட்டியின் பேச்சிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, தொழிலில் இருக்கும் ஒரு வக்கீலிடம் படிக்கக் கொடுங்கள்.