கை படாத தகரம்

என் பழைய காரின் பானட்டுக்கு நானே முதன்முதலாகப் பெயின்ட் அடித்தபோது, கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு மழைக்காலம் போனது. விளிம்பை ஒட்டி வரிசையாக நான்கு கொப்புளங்கள். உற்றுப் பார்த்தால், என் நான்கு விரல்கள்! பெயின்டுக்கு அடியில் போகும் முதல் பூச்சான பிரைமரை அடிப்பதற்குச் சற்று முன்னால் பானட்டைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறேன் என்று வெறுங்கையால் பிடித்த இடம் அது. வியர்வையில் இருக்கும் உப்பு போதும், மேலே எத்தனை கோட் அடித்தாலும் அடியில் அது தன் வேலையைக் காட்டிவிடும்.

அதனால், பழைய பெயின்டை உரித்து வெறும் தகரத்தைப் பிரைமருக்குத் தயார் செய்ய, முதலில் கையுறை. நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கிழியக் கிழிய மாற்றுங்கள்.

பெயின்டை உரிக்கும் முன்பே வண்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் எடுக்கும் திரவத்தால் துடைத்துவிடுங்கள். "எப்படியும் தேய்க்கத்தானே போகிறோம்" என்று பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழைய மெழுகும் சிலிக்கான் பாலிஷும் மேலே இருக்கும்போது உப்புத்தாளைப் போட்டால், அந்தப் பிசுக்கைக் கீறல்களுக்குள் நாமே அழுத்தித் திணித்த மாதிரி ஆகிவிடும். பிறகு பிரைமர் அங்கங்கே குழிகுழியாக விலகி நிற்கும்.

பழைய வண்டிகளின் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தூசு வடிகட்டும் மாஸ்க் இல்லாமல், பெயின்டைத் தேய்த்து எடுக்கும் கை கிரைண்டரை எடுக்காதீர்கள். இன்னொன்று, கூரை, பானட் போன்ற அகலமான தகரத்தில் கிரைண்டரை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். சூடேறினால் தகரம் நெளியும், அதை எடுக்கத் தனி டிங்கரிங் வேலை. நான் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை கையுறையைக் கழற்றாமலே புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பேன். அனல் அடித்தால் இடத்தை மாற்றிவிடுவேன்.

இனி துரு. மேலோட்டமான துரு சொரசொரப்பான 80 நம்பர் உப்புத்தாளுக்கே போய்விடும். தலைவலி, குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் துருதான். தகரம் பளபளவென்று இருக்கும், ஆனால் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரியும். அவை அழுக்கு இல்லை, துரு. கம்பி பிரஷ் இங்கே ஏமாற்றும். துருவை எடுக்காமல் அதற்கே பாலிஷ் போட்டுவிடும். மணல் பீய்ச்சும் வசதி இருந்தால் நல்லது, ஆனால் அதையும் மெல்லிய வெளித்தகரத்தில் வேகமாக அடித்தால் நெளியும். இல்லையென்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. தடவி, டப்பாவில் சொன்ன நேரம் வரை ஈரமாகவே வைத்திருந்து, பிரஷ்ஷால் தேய்த்து, அது சொல்கிற முறையிலேயே அமிலத்தை முழுதாகக் கழுவி எடுக்க வேண்டும். மேலேயே உலர விட்டால் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். அமில எச்சத்தின் மேல் எபாக்சி பிரைமர் சரியாகப் பிடிக்காது. மடிப்புகளுக்கும் கதவின் அடி விளிம்புக்கும் பக்கத்தில் அமிலத்தைக் கொண்டுபோகவே மாட்டேன். உள்ளே இறங்கினால் கழுவ வழியில்லை.

தகரம் சுத்தமானதும், தேய்த்த திசைக்குக் குறுக்காக 180 நம்பர் தாளால் ஒரு முறை. வழவழவென்று ஆக்கும் ஆசை வேண்டாம், பிரைமருக்குப் பிடிமானமே அந்தக் கீறல்கள்தான். பெயின்ட் மிச்சமிருக்கும் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, விரலை ஓட்டினால் படி தட்டாதபடி செய்யுங்கள். கையுறையோடுதான்!

கடைசித் துடைப்புக்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றில் கிரீஸ் எடுக்கும் திரவம், மற்றது காய்ந்தது. ஈரத்துணியால் ஒரு முழம் அகலம் துடைத்து, அது ஆவியாகும் முன்பே காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஆவியாக விட்டால் கரைந்த எண்ணெய் மறுபடி அங்கேயே படியும். துணியில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை புதுப்புதுத் துணியாக மாற்றிக்கொண்டே இருங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்த பழைய துணி உதவாது, அதிலும் பிசுக்கு உண்டு. பெயின்ட் பீய்ச்சும் கன்னைக் கழுவும் மலிவுத் தின்னரும் கூடாது.

அப்புறம் நேரம். வெறும் தகரம் காற்றில் நின்றாலே துருப் பிடிக்கத் தொடங்கும், ஈரக்காற்றாக இருந்தால் சில மணி நேரத்திலேயே பழுப்பு படரும். அதனால் கன், பிரைமர், அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுத்தான் கடைசித் தேய்ப்பைத் தொடங்குவேன். மழை நாளில் தொடுவதே இல்லை. ஒரு நாளில் முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும், ஒரு கதவோ ஒரு மட்கார்டோ, உரிப்பேன். முழு வண்டியையும் உரித்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பவர்கள் பிறகு மறுபடி முதலிலிருந்து தேய்க்கிறார்கள்.

என் தேர்வு எபாக்சி பிரைமர். ஈரத்தை நன்றாகத் தடுக்கும், அதன் மேல் பள்ளம் நிரப்பும் பட்டியும் வைக்கலாம். தகரத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரில் அமிலம் இருப்பதால் அதன் மேல் நேரடியாகப் பட்டி வைக்கக் கூடாது. சாதாரணச் சாம்பல் நிறப் பிரைமரோ ஈரத்தை உறிஞ்சும். அதை மட்டும் அடித்துவிட்டு வண்டியை வெளியே மழையில் விட்டால், அடுத்த மாதம் மறுபடி 80 நம்பர் தாளை எடுக்க வேண்டியிருக்கும்.