புரோகால்சிடோனின்: எப்போது எடுப்பது, எப்படிப் படிப்பது

செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) சந்தேகம், பி.பி. இறங்கிவிட்டது என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் புரதமான புரோகால்சிடோனினின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது. மருந்தைத் தொடங்கும் முடிவை நோயாளியின் நிலையைப் பார்த்தே எடுக்கச் சொல்கிறது, 2021-இல் வந்த சர்வைவிங் செப்சிஸ் வழிகாட்டி. இந்தப் பரிசோதனை உண்மையில் கைகொடுப்பது, ஷாக் இல்லாமல் காய்ச்சலும் இருமலுமாக வருபவரிடமும், மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்கும்போதும்தான்.

முதலில் பிளட் கல்ச்சர். குளோர்ஹெக்சிடின்-ஆல்கஹால் கொண்டு 30 நொடி தேய்த்து, தோல் தானாகக் காயட்டும். ஊதவோ மறுபடி தொட்டுப் பார்க்கவோ வேண்டாம். பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடையுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., வெவ்வேறு இடத்திலிருந்து இரண்டு செட். ரத்தம் குறைந்தால் கிருமி வளராமலே போகலாம். அடுத்து புரோகால்சிடோனினுக்கும், அழற்சியைக் காட்டும் இன்னொரு புரதமான சி.ஆர்.பி.க்கும் சீரம் டியூப். பிறகு ரத்த அணு எண்ணிக்கைக்கு ஊதா டியூப். கடைசியில் லாக்டேட்டுக்குச் சாம்பல் நிற டியூப். வரிசை மாறி ஊதா டியூபில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. சீரத்தில் கலந்தால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். டூர்னிக்கெட்டை வெகுநேரம் கட்டிவைத்தாலோ, கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலோ லாக்டேட் பொய்யாகக் கூடும். அந்த டியூபை ஐஸில் வைத்து உடனே லேபுக்கு அனுப்புங்கள்.

ரெக்விசிஷனில் காய்ச்சல் தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். அது தெரியாமல் எண்ணைப் படிக்க முடியாது. புரோகால்சிடோனின் சுமார் 4 மணி நேரத்தில் ஏறத் தொடங்கும், சி.ஆர்.பி. அதைவிடத் தாமதம், உச்சத்தைத் தொட இரண்டு நாள்கூட ஆகும். சீக்கிரம் வந்தவருக்குக் குறைவாக இருந்தால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி எடுங்கள்.

மூச்சுப்பாதைத் தொற்றில் மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழ் என்றால் பாக்டீரியாவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு, 0.25-ஐத் தாண்டினால் வாய்ப்பு உண்டு, 0.5-க்கு மேல் வலுவான சந்தேகம். செப்சிஸில் 2-ஐத் தாண்டினால் நிலைமை மோசமாகக்கூடும் என்று கண்காணியுங்கள்.

ஏமாற்றும் இடங்கள் பல. பெரிய அடிபட்டவர், தீக்காயம், அறுவை சிகிச்சை, இதயம் நின்று மீண்டவர், பிறந்து இரண்டு நாள்கூட ஆகாத குழந்தை, நாள்பட்ட சிறுநீரக நோய், மலேரியா: இவற்றிலெல்லாம் பாக்டீரியா இல்லாமலே ஏறும். சீழ்க்கட்டி ஓரிடத்தில் அடைபட்டிருந்தாலும், மைக்கோபிளாஸ்மா நிமோனியாவிலும் குறைவாகவே காட்டலாம். நம் ஊர்க் காய்ச்சலில் ஸ்க்ரப் டைபஸை (சிறு பூச்சிக் கடியால் பரவும் பாக்டீரியாக் காய்ச்சல்) மறக்காதீர்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடி ஆகிய இடங்களில் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று ஆடையை விலக்கிப் பாருங்கள்; இருந்தால், எண் எதுவானாலும் டாக்ஸிசைக்ளின் தொடங்குங்கள்.

சி.ஆர்.பி.யில் அலகைப் பாருங்கள். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராமிலும், இன்னொன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும் தரும். இரண்டாவது அலகில் வந்த 12, முதல் அலகில் 120.

புரோகால்சிடோனின் உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கி, நோயாளியும் தேறியிருந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்த யோசிக்கலாம். ஒழுங்கான சிகிச்சையில் அது நாளுக்குச் சுமார் பாதியாகும். இறங்காமல் நின்றால் மருந்து பொருந்தவில்லையா, எங்காவது சீழ் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துத் தேடுங்கள்.