போன், லேப்டாப் பேட்டரி சீக்கிரம் வீக் ஆகாம பாத்துக்கறது எப்படி

அடிக்கடி சார்ஜ் போட்டா பேட்டரி போயிடும்னு நெனச்சுக்கிட்டு நிறைய பேர் 5% வர்ற வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் ஒரேயடியா 100% ஏத்துறாங்க. தயவுசெஞ்சு இத விட்டுடுங்க, போன், லேப்டாப்ல இருக்கற லித்தியம் அயான் பேட்டரிக்கு இது ஆகவே ஆகாது. அதோட பெரிய எதிரி சூடும், ஃபுல் சார்ஜ்லயே கெடக்கறதும்தான்.

உள்ள என்ன நடக்குதுன்னா, சார்ஜ் ஏறும்போது லித்தியம், பேட்டரியோட நெகட்டிவ் பக்கம் இருக்கற கிராஃபைட்டுக்குள்ள (ஒரு வகை கரி) போய் உக்காரும், அந்த கிராஃபைட் மேல எலக்ட்ரோலைட்ங்கற உள்ள இருக்கற திரவம் சிதைஞ்சு மெல்லிசா ஒரு படலம் படியும், எஸ்இஐன்னு சொல்வாங்க. இது மொத சார்ஜ்லயே வந்துடும், வரணும், அதுதான் எலக்ட்ரோலைட் மேற்கொண்டு சிதையாம காப்பாத்துது. ஆனா அது வளர்றது முழுசா நிக்கறதே இல்ல, வருஷக்கணக்குல தடிச்சுட்டே போகும், தடிக்கறதுக்கு நம்ம லித்தியத்தையே எடுத்துக்கும், அதுல மாட்டுனது திரும்ப வேலைக்கு வராது. கெபாசிட்டி கொறையறதுக்கு முக்கியமான காரணமே இதுதான். சூடு கூடக்கூட வேகம் கூடும். செல் 4.2 வோல்ட் கிட்ட, அதாவது ஃபுல் சார்ஜ்ல நிக்கும்போது கேத்தோடு பக்கமும், அதாவது பாசிட்டிவ் பக்கமும் எலக்ட்ரோலைட் கெடும். போனை தொடாம பீரோல வெச்சிருந்தாலும் இதெல்லாம் நடக்கும்.

அதனால மொத வேலையா செட்டிங்ஸ்ல 80% லிமிட் இருந்தா ஆன் பண்ணிடுங்க, முக்கியமா நாள் முழுக்க சார்ஜர்லயே இருக்கற லேப்டாப்புக்கு. சார்ஜ் போட்டுக்கிட்டே கேம் வேண்டாம், தலகாணிக்கு அடில வெச்சு சார்ஜ் வேண்டாம், வெயில்ல நிக்கற கார் டேஷ்போர்டுல போன் வேண்டவே வேண்டாம். 35 டிகிரிக்கு மேல சூடான எடத்துல வெச்சா கெபாசிட்டி நிரந்தரமா கொறையலாம்னு ஆப்பிளே சொல்லுது. 40லேர்ந்து 70க்கு நாலு தடவை ஏத்துனாலும் பரவாயில்ல, பேட்டரி எவ்ளோ ஓடியிருக்குன்னு எண்ணற சார்ஜ் சைக்கிள் கணக்கு, மொத்தமா 100% செலவானாதான் ஒண்ணு. ஊருக்கு போகும்போது ஃபுல்லா ஏத்திக்கோங்க, அதுல தப்பில்ல, ஏத்தி அப்படியே நாள்கணக்குல போட்டு வைக்கறதுதான் தப்பு. குளிர் நாட்டுல இருக்கறவங்க 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் போடாதீங்க, லித்தியம் கிராஃபைட்டுக்குள்ள போகாம மேலயே உலோகமா படிஞ்சுடும். மாசக்கணக்குல எடுத்து வைக்கறதா இருந்தா பாதி சார்ஜ்ல ஆஃப் பண்ணி வைங்க.

எவ்ளோ போயிருக்குன்னு பாக்க ஐபோன்ல பேட்டரி ஹெல்த் இருக்கு. விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 41,000ங்கற மாதிரி ரெண்டு நம்பர் வரும், அப்படின்னா 82% மிச்சம். 80க்கு கீழ வந்து, சார்ஜ் இருக்கும்போதே பொசுக்குனு ஆஃப் ஆச்சுன்னா மாத்திடுங்க. பின்பக்கம் உப்பியிருந்தா பர்சன்டேஜ் எல்லாம் பாக்காதீங்க, உடனே சார்ஜ் போடறத நிறுத்திட்டு சர்வீஸுக்கு குடுங்க, குத்தி காத்தை எடுக்கப் போனா தீப்பிடிச்சுடும்.