‘கேஷ்’ என்ற சொல்லுக்கு வேர் தேடும்போது

சொல்வரலாறு எழுதப் புதிதாக வருகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. ‘ஆங்கிலக் கேஷ் நம் காசுதான்’ என்ற வரி மாதம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. என் முதல் கட்டுரையிலும் அது இருந்தது. எழுத்துப்பிழைகளை விடுங்கள், அவற்றை யாரும் திருத்திவிடலாம். வேர் தேடும்போது நாம் செய்யும் தவறுகள் வேறு, அவற்றைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒலி ஒத்ததும் உறவு கொண்டாடுவது

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அன்று அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள். பிரெஞ்சில் ‘கேஸ்’, இத்தாலியனில் ‘காஸ்ஸா’, அவற்றுக்கு மூலமான லத்தீனில் ‘காப்ஸா’. எல்லாம் பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. இடவாகுபெயர் படித்த நமக்கு இது புதிதல்ல. இந்த வழியில் தமிழ் எங்குமே குறுக்கிடவில்லை.

ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் இன்னொரு கேஷ் உண்டு. அது நம் காசு. போர்த்துக்கீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி ஆங்கிலேயரிடம் போனது. அன்று மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் ‘வராகன்’ என்ற ஒரு பொன் நாணயம். நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இதே பெயரை வைத்தார்கள். சீன நாணயத்தின் ஆங்கிலப் பெயரில் நம் சொல் இருக்கிறது! அதை விட்டுவிட்டு, கல்லாப்பெட்டிச் சொல்லுக்குப் பொய்ப் பட்டா எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

இந்தத் தவறுக்கு நான் கொடுத்த விலை அதிகம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று உண்மையாகவே இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களும் என் முதல் கட்டுரையில் இருந்தன. அதைப் படித்த நூலகர் ஒருவர் கேஷ் பற்றிய பத்தியில் பென்சிலால் கோடிட்டு, “இதுவே தவறு என்றால் மற்றவற்றை எப்படி நம்புவது?” என்று கேட்டார். சரியாக எழுதிய பக்கங்களும் அந்த ஒரு பத்தியோடு போயின.

எட்டும் எயிட்டும்

‘எட்டுதான் ஆங்கில எயிட்’ என்பதும் இதே வகைத் தவறு. எயிட்டுக்கு உறவு ஜெர்மன் ‘ஆக்ட்’, லத்தீன் ‘ஒக்டோ’. எட்டுக்கு வேர் ‘எண்’, எண்பதைப் பாருங்கள். பின்னோக்கிப் போகப் போக இரண்டும் விலகுகின்றன.

பழைய பொருளே மெய்ப்பொருள் என்று சாதிப்பது

‘நைஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘அறியாதவன்’ என்று பொருள். இன்று அந்தப் பொருளில் யாரும் அதைச் சொல்வதில்லை.

ஆண்டு குறிக்காமல் விடுவது

ஒரு சொல் எந்த ஆண்டில் வழக்குக்கு வந்தது என்பதை எழுதாமல் விடாதீர்கள்.